2001 பேஸ்பால் ஆல்-ஸ்டார்: ரிப்கனை ஷார்ட்ஸ்டாப்பாகத் தேர்ந்தெடுத்தார்களா?

"ரசிகர் வாக்கில் அலெக்ஸ் ரோட்ரிகஸையும் டெரெக் ஜீட்டரையும் தோற்கடித்து, 40 வயது கால் ரிப்கன் 2001 ஆல்-ஸ்டார் ஷார்ட்ஸ்டாப் ஆனார்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. (ஆல்-ஸ்டார் என்பது அமெரிக்க பேஸ்பாலின் இரு லீக்குகளான அமெரிக்க லீக், நேஷனல் லீக் ஆகியவற்றின் சிறந்த வீரர்கள் மோதும் ஆட்டம்; ஷார்ட்ஸ்டாப் என்பவர் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்.) அவர் ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கும் படமும் கூடவே வருகிறது. படம் உண்மை, சேதிதான் தவறு.

முன்பு ஷார்ட்ஸ்டாப்பாக இருந்த ரிப்கன், 1997 முதலே மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர். 2001-இல் ரசிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்ததும் அந்த இடத்துக்குத்தான். அமெரிக்க லீக் ஷார்ட்ஸ்டாப்பாக வாக்கில் வென்றவர் ரோட்ரிகஸ்.

அப்படியானால் படம்? ஜூலை 10, சியாட்டில். ரிப்கனுக்கு அதுதான் கடைசி ஆல்-ஸ்டார் ஆட்டம். முதல் இன்னிங்ஸ் தொடங்கும் நேரத்தில் ரோட்ரிகஸ் தன் இடத்தை விட்டு வந்து, பழைய இடமான ஷார்ட்ஸ்டாப்புக்குப் போகச் சொல்லி ரிப்கனைத் தள்ளிவிட்டார். அணியின் மேலாளர் ஜோ டோரிக்கும் இது முன்பே தெரியும். ரிப்கன் ஒரே ஒரு இன்னிங்ஸ் அங்கே நின்றார், அப்புறம் மூன்றாம் பேஸுக்குத் திரும்பினார். மூன்றாவது இன்னிங்ஸில், எதிரணியின் சான் ஹோ பார்க் வீசிய முதல் பந்திலேயே ஹோம் ரன் அடித்து, ஆட்ட நாயகனும் ஆனார். 1991 ஆல்-ஸ்டார் ஆட்டத்திலும் அவர் ஆட்ட நாயகன். அப்போது அவர் ஷார்ட்ஸ்டாப்தான். இரண்டும் கலந்துபோயிருக்கலாம்.

பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்தில் அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையைப் பாருங்கள். ரோட்ரிகஸ் மனமுவந்து விட்டுக்கொடுத்ததை அவர் தோற்றதாகச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். தயவுசெய்து இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.