மொனாக்கோ ஒண்ணு, மான்டே கார்லோ ஒண்ணு

சித்தப்பா: ...அப்புறம் மொனாக்கோ ஒண்ணு, மான்டே கார்லோ ஒண்ணு, ஆக மொத்தம் இந்த ஐரோப்பா டூர்ல எட்டு நாடு பாத்தாச்சு.

கவிதா: மான்டே கார்லோ மொனாக்கோவுக்குள்ள இருக்கற ஏரியா சித்தப்பா. அந்த நாடே மொத்தம் ரெண்டு சதுர கிலோமீட்டர்தான்.

சித்தப்பா: நான் நேர்ல பாத்துட்டு வரேன், நீ எனக்குச் சொல்றியா? பாறைக்கு அடியில பார்க்கிங்ல பஸ்ஸ நிறுத்தினான், லிஃப்ட்டு எஸ்கலேட்டர்னு மேல ஏறினா மீன் மியூசியம், அந்த ராஜா குடும்பத்துல கல்யாணம் பண்ணிக்கிட்ட ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி சமாதி இருக்கற சர்ச்சு, ராஜா அரண்மனை. அது மொனாக்கோ. திரும்ப பஸ்ல ஏறி கண்ணசந்து முழிச்சா கசினோ. அது வேற நாடு.

கவிதா: நடுவுல பாஸ்போர்ட் பாத்தாங்களா?

சித்தப்பா: பிரான்ஸ்லேர்ந்து வர்றப்பவும்தான் யாரும் பாக்கல. அப்ப மொனாக்கோவும் நாடு இல்லியா?

கவிதா: அய்யோ. சரி, அரண்மனை வாசல்ல எடுத்த செல்ஃபிய காட்டுங்க. உங்க தலைக்குப் பின்னாடி படகா நிக்குதே, அது போர்ட் எர்க்யூல் துறைமுகம். அதுக்கு அந்தப் பக்கம் மேட்டுல தெரியறதுதான் நீங்க சொல்ற வேற நாடு.

சித்தப்பா: பாத்தியா, நடுவுல கடல் இருக்கு!

கவிதா: ...கசினோ ஃபோட்டோ காட்டுங்க.

சித்தப்பா: இந்தா.

கவிதா: இது கார்.

சித்தப்பா: கசினோ வாசல்ல நின்ன கார்.

கவிதா: இது?

சித்தப்பா: அது மஞ்சக் கார்.

கவிதா: கட்டடம் எங்க சித்தப்பா? பாரிஸ் ஆபரா ஹவுஸக் கட்டின கார்னியே அங்கயும் ஒரு ஆபரா அரங்கம் கட்டியிருக்காரு, 1879ல தொறந்தது, கசினோவோட ஒட்டினாப்ல கடலப் பாத்து நிக்கும்.

சித்தப்பா: பானட்ல பெரிசு பண்ணிப் பாரு, தெரியும்.

கவிதா: பானட்ல தெரியறது நீங்க. உள்ளயாவது போனீங்களா?

சித்தப்பா: எங்க? முக்கா மணி நேரம்தான் குடுத்தான், அதுல அரமணி எல்லாருமா கக்கூஸ் தேடி அலைஞ்சோம், மிச்சம் இருந்தது காருக்கே பத்தல. ஆனா ஒரு பைசா சூதாட்டத்துல விடல, தெரிஞ்சுக்கோ.

கவிதா: மொனாக்கோ குடிமக்களே அங்க சூதாடக் கூடாதுன்னு சட்டம். வெளியூர்க்காரன் தோத்துட்டுப் போன காசுல கஜானா ரொம்பி, 1869லயே ராஜா அவங்களுக்கு நேரடி வரியத் தூக்கிட்டாரு. நீங்க அங்க தோக்கலதான். சித்திக்குத் தெரியாம எஃப்டிய ஒடச்சு டூர்காரன்கிட்ட குடுத்தீங்களே, அங்கயே ஆட்டம் முடிஞ்சுது. காருக்கு முன்னால நின்னு ஃபோட்டோ எடுக்க அவ்ளோ தூரம் எதுக்கு, மவுன்ட் ரோடு ஷோரூம் வாசல்ல வாட்ச்மேன் பாக்கறதுக்குள்ள எடுத்துட்டு வந்திருக்கலாம்.

சித்தப்பா: அடியே, சித்தி காதுல விழப்போவுது, மெதுவா பேசு.

கவிதா: சரி சரி. ஆமா, டூர் நோட்டீஸ்லயும் எட்டுதான் போட்டிருக்கான், அதுல வாடிகன் இருக்கே. அத நீங்க எண்ணவே இல்லியே?

சித்தப்பா: அதாம்மா ஃப்ராடு. ரோமுக்குள்ள இருக்கற ஒரு சர்ச்ச போய் நாடுன்னு போட்டிருக்கான்.