ஸ்கிரிப்ட் தனியாக விலைக்கு வாங்குவதல்ல

"இன்டிசைனில் ஸ்கிரிப்ட் ஓட்டத் தனியாகப் பணம் கட்டவேண்டும், புரோகிராமரும் வேண்டும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணா, இரண்டும் தவறு. ஸ்கிரிப்ட் என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப நாம் செய்யாமல் தானே செய்துமுடிக்கும் சிறு கட்டளைக் கோப்பு. மாதிரி ஸ்கிரிப்டுகள் இன்டிசைன் என்ற இந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருளோடு சேர்ந்தே வருகின்றன. விண்டோ மெனுவில் யுடிலிட்டீஸ், அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ். பெயரை இருமுறை சொடுக்கினால் ஓடும்.

கிருஷ்ணகிரி மாங்கன்று நர்சரி ஒன்றின் விலைப்பட்டியலைத் தர்மபுரியில் எங்கள் அச்சகத்தில் பக்கம் கட்டியபோது, வரிக்கு வரி சொற்களுக்கு நடுவே இரட்டை இடைவெளி. 'ஃபைண்ட்சேஞ்ச்பைலிஸ்ட்' என்ற மாதிரி ஸ்கிரிப்ட் தேநீர் ஆறுவதற்குள் எல்லாவற்றையும் ஒற்றையாக்கிவிட்டது. எதை எதுவாக மாற்றுவது என்பது கூடவே இருக்கும் சாதாரண உரைக்கோப்பில்தான் இருக்கிறது. நாமே வரி சேர்க்கலாம்.

பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ் மட்டும் வம்பு. உள்ளுக்குள் அது ஆங்கில எழுத்தும் குறியும்தான். ஒரு குறியை மாற்றப்போய்ச் சொல்லே சிதைந்துவிடும். அப்படிப்பட்ட கோப்பென்றால் ஸ்கிரிப்டை முதலில் அதன் நகலில் ஓட்டிப் பாருங்கள்.