சித்திரை ஒன்றும் ஒரு தொரட்டியும்

இன்று சித்திரை 1. எங்கள் வீட்டில் இந்த நாளில் மாங்காய்ப் பச்சடி எப்போதும் என் வீட்டுக்காரருக்காகக் காத்திருந்து ஆறிப்போகும். காலையிலேயே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார். ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளும்தானே. 1944-ல் இதே நாளில் பம்பாய் துறைமுகத்தில் வெடிபொருளும் பஞ்சுப் பொதியும் ஏற்றி நின்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 60 பேருக்கு மேல் வீடு திரும்பவில்லை. அவர்களுக்கு மலர் வளையம் வைக்கும்போது என் வீட்டுக்காரர் ஓரமாக நிற்பார். சீருடை கிடையாது, சம்பளம் கிடையாது. கடலூர் முதுநகரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். தீயணைப்புத் துறை நடத்திய தன்னார்வலர் பயிற்சிக்கு ஒரு தடவை போனார், அப்புறம் அந்த வேலையை விடவேயில்லை.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. நெருப்பில் இல்லை. ஒரு ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

ஒரு பங்குனி மத்தியானம் மட்டும் என் கண்ணை விட்டுப் போவதில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் வரிசையாகக் கூரை வீடுகள். கடைசி வீட்டில் அடுப்புப் பொறி கீற்றில் ஏறிவிட்டது. கடல் காற்று வேறு. எல்லாரும் குடத்தோடு எரிகிற வீட்டுக்கு ஓடினார்கள். இவர் தொரட்டியை எடுத்துக்கொண்டு, இன்னும் தீயே தொடாத அடுத்த வீட்டுக்கு ஓடினார். "எரியறது போச்சு, இந்தக் கூரையப் பிரிங்கடா!" என்று கத்தினார். அந்த வீட்டு அம்மா மண்ணை வாரித் தூற்றினார். நல்லா இருக்கிற வீட்டைப் பிய்க்கிறானே என்ற ஆத்திரம் அவருக்கு. ஆனால் கூரை இறங்கியதால்தான் தீ அங்கேயே நின்றது. வண்டி வந்து சேர்வதற்குள் ஒரு வீடு போயிருந்தது, மற்றவை தப்பின.

அடுத்த ஞாயிறு கீற்றுக் கட்டும் கயிறுமாக அதே வீட்டுக்குப் போனார். நான் கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுத்தேன். திட்டிய அம்மாதான் எங்களுக்கு மோர் கொடுத்தார்.

நான் சண்டை போடாத நாள் இல்லை. "ரெண்டு பிள்ளை இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்பேன். "வண்டி வர்ற வரைக்கும் நெருப்பு காத்துக்கிட்டு நிக்குமாம்மா?" என்று திருப்பிக் கேட்பார். 2011 டிசம்பர் 30, தானே புயல் கரையைக் கடந்த அன்று, காற்று கொஞ்சம் அடங்கியதுமே அரிவாளோடு போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி ஆம்புலன்சுக்கு வழிவிட்டார்களாம். கை முழுக்கக் கொப்புளம். அன்றைக்கும் திட்டிக்கொண்டேதான் எண்ணெய் போட்டேன். இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இவரைப் போன்றவர்களின் பெயரை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று கேட்பதற்காகத்தான். மழைக்கு முன்னால் ஒத்திகைக்குக் கூப்பிடுகிறோம், கைதட்டுகிறோம். சரி, அப்புறம்? ஒவ்வொரு தன்னார்வலருக்கும் ஒரு காப்பீடு, நல்ல பூட்ஸ், கையுறை வேண்டும். என் வீட்டுக்காரர் கடைசி வரை வெல்டிங் கையுறையைத்தான் மாட்டிக்கொண்டு போனார். யாரையும் குறை சொல்லவில்லை. நிலையத்து ஆட்கள் அவரைத் தம்பியாகத்தான் நடத்தினார்கள், காரியத்துக்கும் வந்து நின்றார்கள். ஆனாலும் அன்பு வேறு, ஏற்பாடு வேறு.

தெருக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள். சுட்ட இடத்தில் மாவும் மையும் வேண்டாம், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். சந்து முனையில் வண்டியைக் குறுக்கே நிறுத்தாதீர்கள். இதையெல்லாம் அவர் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு மனப்பாடம்.

இன்று பச்சடியை மூடி வைத்துவிட்டு, அவர் நின்ற ஓரத்தில் நான் போய் நின்றுவிட்டு வந்தேன். பெரியவன் கூடவே வந்தான். வரும் வழியில், அடுத்த பயிற்சி எப்போது என்று நிலையத்தில் கேட்டுவிட்டதாகச் சொன்னான். எனக்குப் பயம்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

தொரட்டி எங்கள் வாசல் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. எந்த ராத்திரியானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், கதவைக்கூடத் தட்ட வேண்டாம்.