‘ஐ5 செட்’ என்று மட்டும் எழுதிய பில்

போன மாதம் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் எங்கள் பயிலகத்துக்கு வந்தார். அவர் மகள் கடலூர் பெரியார் கலைக் கல்லூரியில் பி.காம். முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பழக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். சீட்டு எடுத்த பணம் 18,000 ரூபாய் கையில் இருக்கிறது. போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். “ஐ5, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், மானிட்டரோட சேர்த்து 15,999. எல்லாமே புதுசுன்னு சொல்றாங்க மேடம். வாங்கலாமா?”

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. விலை குறைவான பொருள் என்பதால் நான் தடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. “எங்க வசதிக்கு இதுதான் மேடம்” என்று மெதுவாகச் சொன்னார். அந்த வார்த்தை இரண்டு நாள் மனதை விட்டுப் போகவில்லை. அவரிடம் உட்கார்ந்து சொன்னதையெல்லாம் இங்கேயும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பா ஆரம்பித்த தட்டச்சுப் பயிலகத்தை இப்போது நான் நடத்துகிறேன். டைப்ரைட்டிங்கோடு சி.ஓ.ஏ. என்ற அரசுக் கணினிச் சான்றிதழ் வகுப்பும் உண்டு. அரசுத் தட்டச்சர் வேலைக்குப் போகிறவர்களிடம் அந்தச் சான்றிதழையும் கேட்கிறார்கள் என்பதால் கம்ப்யூட்டர் இல்லாமல் பயிலகம் நடத்த முடியாது. 2021 ஊரடங்கு முடிந்து திறந்தபோது பழைய கணினிகள் எல்லாம் படுத்துவிட்டன. கையில் பணமும் இல்லை. புதுச்சேரியில் ஒரு கடையில் மூன்று ‘புது’ கணினிகள் வாங்கினேன். மானிட்டரோடு ஒன்று 16,500 ரூபாய். பில்லில் ‘ஐ5 கம்ப்யூட்டர் செட் - 3’ என்று ஒரே வரி. வேறு எதுவும் இல்லை. ஐ5 என்பது இன்டெல் கம்பெனியின் ஒரு பிராசஸர் வகை, கணினியின் மூளை.

அந்த மூன்றின் கதையையும் சொல்கிறேன்.

முதல் கணினி ஐந்தாவது மாதம் ‘டப்’ என்று ஒரு சத்தத்தோடு அணைந்தது. கருகிய வாடை. திறந்து பார்த்த சர்வீஸ் தம்பி, மற்ற பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “எடை பாருங்க மேடம், காத்தாடி மாதிரி இருக்கு. மேல 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்காங்க” என்றார். நல்ல எஸ்.எம்.பி.எஸ். கனமாக இருக்கும். உள்ளே செம்புச் சுருளும் மின்தேக்கிகளும் தேவையான அளவுக்கு இருக்கும். மின்சாரம் ஏறி இறங்கினால் தானாக அணைந்து மற்ற பாகங்களைக் காப்பாற்றும். மலிவானதில் அந்தப் பாதுகாப்பையெல்லாம் மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். அது போகும்போது தனியாகப் போகாது. என் கணினியில் எல்லாப் பாகங்களும் பொருந்தியிருக்கும் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. சில நூறு ரூபாய்ப் பொருள் ஒன்று 16,500 ரூபாய்ப் பொருளை முடக்கியது.

இரண்டாவது கணினி கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது. திறக்க ஐந்து நிமிடம், ஒரு வேர்டு கோப்பு வர இரண்டு நிமிடம். ஹார்டு டிஸ்க்கைச் சோதிக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். அந்த டிஸ்க் அதுவரை ஓடிய நேரம் 31,000 மணி என்று காட்டியது. இரவு பகலாக ஓடினாலும் மூன்றரை வருடம். நான் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதுவும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்தான் ஓட்டுகிறேன். இதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் இருக்கிறது.

ஐ5 என்றார்களே, அதையும் பார்த்தோம். ஐ5-2400. இதை வாசிக்க ஒரு எளிய வழி இருக்கிறது, எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். மேசைக் கணினிகளில் ஐ5க்குப் பிறகு வரும் எண் நான்கு இலக்கமாக இருந்தால் முதல் இலக்கம்தான் தலைமுறை. 2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 8500 என்றால் எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும், 10400 என்றால் பத்தாம் தலைமுறை. இன்டெல் அந்த 2400ஐ வெளியிட்டது 2011 தொடக்கத்தில். 2021ல் நான் புதுசு என்று வாங்கிய கணினியின் மூளைக்கு அப்போதே பத்து வயது. அதன் தயாரிப்பை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது என்பதால், எங்கோ ஓர் அலுவலகக் கணினியிலிருந்து கழற்றியதைத்தான் பொருத்தியிருக்க வேண்டும். அதற்குப் பொருந்தும் அந்தக் காலத்து எச்61 மதர்போர்டு மட்டும் புதுப் பெட்டியில் இன்னும் வருகிறது. கேபினெட் புதுசு, கீபோர்டு புதுசு, மேலே விளக்கு வேறு எரியும். இதையெல்லாம் சேர்த்துப் ‘புது கம்ப்யூட்டர்’ என்கிறார்கள்.

மூன்றாவது கணினி? நான்கு வருடமாக ஒரு குறையும் இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே கடை, அதே நாள், அதே விலை. இன்வெர்ட்டர் லைனில் இருந்ததால் தப்பித்ததா, உள்ளே இருந்த எஸ்.எம்.பி.எஸ். கொஞ்சம் நல்லதா, தெரியவில்லை. ஹார்டு டிஸ்க்கை மாற்றி, சுழலும் தட்டு இல்லாத வேகமான 240 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டேன். அன்றிலிருந்து முப்பது நொடியில் திறக்கிறது. பிள்ளைகள் அந்தக் கணினிக்குத்தான் போட்டி போடுகிறார்கள்.

அதனால்தான் மலிவுக் கணினி வாங்கிய இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் “அருமையா ஓடுது” என்பார். இன்னொருவர் “குப்பை, தொடாதே” என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒரே பெயரில் விற்கிற பெட்டிக்குள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று இருக்கிறது. வாங்குகிறவருக்கு அது தெரிய வழியில்லை.

2022ல் நாலாவது கணினி வாங்க வேண்டி வந்தது. இந்த முறை சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ். ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. 14,000 ரூபாய். பழசு என்று சொல்லியே விற்றார்கள். ஓரத்தில் கீறல் இருந்தது. விண்டோஸ் உரிமம் போர்டிலேயே பதிந்து வந்திருந்தது, திருட்டு ஆக்டிவேட்டர் எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. இன்று வரை ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. இந்த மாதிரிப் பெட்டிகள் ஓர் அலுவலகத்தில் ஐந்து வருடம் நிற்காமல் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தவை. உள்ளே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் அந்தக் கம்பெனிதான் பொறுப்பேற்றுக் கொடுத்திருக்கும்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் வந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். என் ஆறாம் தலைமுறைக்கு இடமில்லை. இப்போதைக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவு செய்து, 2026 அக்டோபர் 13 வரை தருகிற கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பை வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தட்டச்சுப் பயிற்சிக்கு மட்டும் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். நன்றாக ஓடும் பெட்டியைத் தூக்கிப்போட மனம் வராது. இன்று பழசு வாங்குகிறவர்கள் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். ஆறு, ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் இப்போது சந்தையில் வந்து குவிவதற்கும் விலை இறங்குவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

நம் ஊரில் இன்னொரு எதிரியும் உண்டு, கடல். தேவனாம்பட்டினத்தில் என் மாணவி வீட்டில் கணினி மாதம் ஒருமுறை பீப் பீப் என்று கத்தும், திரையில் ஒன்றும் வராது. ஒவ்வொரு முறையும் ரேமைக் கழற்றி அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டால் சரியாகிவிடும். உப்புக் காற்று. போர்டின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. ஜன்னலை ஒட்டி இருந்த மேசையை உள்சுவருக்கு மாற்றி, ஓடாத நேரத்தில் ஒரு துணியால் மூடச் சொன்னேன். இப்போது பரவாயில்லை என்கிறாள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டோம். ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் நம் பக்கம் வந்தது. புதுச்சேரி ரெயின்போ நகரில் இருக்கும் தோழி வீட்டில் சிபியுவைத் தரையில் வைத்திருந்தார்கள். முழங்கால் தண்ணீர். போர்டு போனது, எஸ்.எம்.பி.எஸ். போனது. எஸ்.எஸ்.டி.யை மட்டும் காயவைத்து வேறு கணினியில் மாட்டியபோது பத்து வருடப் புகைப்படங்கள் அப்படியே இருந்தன. அவள் அழுதுவிட்டாள். சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். ஒரு செங்கல் உயரமாவது வேண்டும், மேசை மேல் என்றால் இன்னும் நல்லது.

இன்னொன்று. ஒரு பெண் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று பதறி ஓடிவந்தாள். வீட்டுக் கணினியில் எந்த அரசுத் தளமும் திறக்கவில்லை, ‘பாதுகாப்பில்லாத இணைப்பு’ என்கிறது என்றாள். போய்ப் பார்த்தால் கணினியின் தேதி பத்து வருடம் பின்னால் நிற்கிறது. தேதி தவறாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை உலாவி ஏற்காது. போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது, சிஆர்2032, ஐம்பது ரூபாய்கூட ஆகாது. மாற்றினோம், விண்ணப்பித்தாள். அந்த ஒரு நாள் தப்பியிருந்தால் ஒரு வருடம் போயிருக்கும்.

சின்ன மினி பிசி பற்றியும் கேட்கிறார்கள். முத்தியால்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் உறவினர் இன்டெல் என்100 சிப் உள்ள ஒரு மினி பிசியில் இரண்டு வருடமாகப் பில் போடுகிறார். சத்தம் இல்லை, சூடு இல்லை, அந்தச் சிப்புக்கு 6 வாட்ஸ்தான் கணக்கு. இன்வெர்ட்டரில் மணிக்கணக்காக நிற்கிறது. அவருக்கு அது போதும். ஆனால் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு என்று இணையத்தில் அதைவிட மலிவாக வருவதை வாங்க வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே அதுதான். ஓர் அப்டேட் வந்தால் இறங்க இடம் இருக்காது.

“இன்னும் கொஞ்சம் கூடப் போட்டு நல்லதா வாங்கிக்கோ” என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான் வருகிறது. அவர்கள் சொல்லும் ‘கொஞ்சம்’ ஆட்டோ அண்ணனுக்கு ஆறு மாதச் சீட்டு. 18,000 ரூபாய்க்குள் ஒரு பிள்ளை படிக்க நல்ல கணினி கிடைக்க வேண்டும், கிடைக்கவும் செய்யும். 2005லேயே எச்.சி.எல். 9,990 ரூபாய்க்கு ஒரு கணினியை விற்றது. 128 எம்பி ரேம், 40 ஜிபி டிஸ்க், லினக்ஸ் என்று உள்ளே இருப்பதைச் சொல்லியே விற்றார்கள். அந்த நிறுவனத்துக்கு அப்போது நம் புதுச்சேரியில் தொழிற்சாலை இருந்தது, எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் வேலைக்குப் போய்வந்தார்கள். வேகம் குறைவுதான். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க முடிந்தது.

நான் கேட்பதும் அவ்வளவுதான். பில்லில் எழுதிக் கொடுங்கள். எந்த பிராசஸர், எந்தத் தலைமுறை, போர்டு புதுசா பழசா, டிஸ்க் எவ்வளவு நேரம் ஓடியது. கடைக்காரர்களின் கஷ்டமும் தெரியும். ஒரு செட்டுக்கு ஐந்நூறோ ஆயிரமோதான் நிற்கும், வருகிறவர்களும் விலையை மட்டும்தான் கேட்கிறார்கள். அதற்காகப் பழசைப் புதுசு என்று சொல்லி விற்பதை ஏற்க முடியாது. பாண்டியில் வாங்கினால் வரி குறைவு என்று இன்னும் பஸ் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கணினிக்கு இரண்டு ஊரிலும் ஒரே 18 சதவீதம்தான். பக்கத்துக் கடையில் வாங்கினால் பழுதுக்குத் தூக்கிக்கொண்டு போவதாவது மிச்சம்.

அந்த அண்ணனையும் மகளையும் கூட்டிக்கொண்டு போன வெள்ளிக்கிழமை போனேன். முதல் கடையில் “அதெல்லாம் பில்லுல எழுத மாட்டோம்” என்றார்கள், கிளம்பிவிட்டோம். இரண்டாவது கடையில் ஐ5 என்றார்கள், ‘ப்ராபர்டீஸ்’ திறந்து பார்த்தால் மூன்றாம் தலைமுறை. மூன்றாவது கடையில் அலுவலகத்திலிருந்து வந்த ஆப்டிபிளெக்ஸ் 3060 இருந்தது. ஐ5-8500, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்.எஸ்.டி., பழைய 19 அங்குல மானிட்டர், ஆறு மாத வாரண்டி, எல்லாம் சேர்த்து 17,500. கடைக்காரர் ஒவ்வொன்றையும் பில்லில் எழுதினார். ‘பயன்படுத்தியது’ என்றும் அவரே எழுதினார். ஒவ்வொரு பெட்டிக்கும் டெல் தனியாகத் தரும் சர்வீஸ் டேக் எண்ணை அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசிக்க, அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த பில்லை அவள் தன் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் இருக்கும் ஃபைலிலேயே வைத்துக்கொண்டாள்.