இங்க கொஞ்சம் பாருங்களேன்

போன மாதம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கியிருந்தாள். 26 வயது. எல்லோரும் படுத்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, மறைக்காம சொல்லுங்க. கல்யாணத்துல அப்படி என்னதான் இருக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதில் இல்லாமல் இல்லை. மனதில் வந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். இவ்வளவு பெரிய கேள்விக்கு இதையா சொல்வது என்று தயங்கினேன். "அப்புறம் சொல்றேன்டா, போய்த் தூங்கு" என்றேன். அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்குப் புரிகிறது. அவள் கைபேசியைத் திறந்தால் கணவன் மனைவி ஜோக்குதான். மனைவி என்றால் தொல்லை, கணவன் என்றால் அடிமை, கல்யாணம் என்றால் ஆயுள் தண்டனை. காலையில் எழுந்ததும் பெரியவர்களே அதைக் குடும்பக் குழுவில் போட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கு இது பிடிப்பதே இல்லை. வீட்டுக்குள் ஒருவரையொருவர் அவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொள்ளும் மனிதர்கள்கூட, வெளியே வந்தால் அதை ஒரு சுமை மாதிரிப் பேசுகிறார்கள். நன்றாக இருக்கிறோம் என்று சொல்ல என்ன கூச்சம்? பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அதைத்தானே நம்பும்?

இன்னொரு பக்கம் கல்யாண நாள் படங்கள், சுற்றுலாப் படங்கள். அவையும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குக் கல்யாணமாகி 18 வருடம். ஆறாயிரத்து ஐந்நூறு நாட்களுக்கு மேல் ஆகிறது. ஊர் சுற்றியது, விசேஷம், விழா எல்லாவற்றையும் கூட்டினாலும் சில நூறு நாள் வருமா? மற்ற நாளெல்லாம் வீட்டில், சாதாரணமாகப் போன நாட்கள்தான். நான் சொல்ல வருவது அந்த நாட்களைப் பற்றி.

ஒருநாள் காலை. பள்ளிக்கு, வேலைக்கு என்று ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்த நேரம். ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவி எதையோ இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். "ஏங்க, இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றேன். இவர் பாதி முகம் சவரம் செய்து, மீதிப் பாதியில் நுரையோடு வந்து நின்றார். குருவி இழுத்தது ஒரு சிவப்பு ரிப்பன். கொஞ்ச தூரம் இழுக்கும், வாயிலிருந்து நழுவும், திரும்ப வந்து கவ்வும். இரண்டு நிமிடம் இரண்டு பேரும் பேசாமல் பார்த்தோம். "அது நம்ம பாப்பா ரெண்டு நாளா தேடிக்கிட்டு இருந்த ரிப்பன்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். குருவி பயந்துவிடக் கூடாது என்று அவ்வளவு தணிந்த குரல். நுரை காய்ந்து கன்னத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அன்றைக்கு வேறு என்ன நடந்தது என்று கேட்டால் எனக்கு ஒன்றும் நினைவில்லை. அந்த இரண்டு நிமிடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வீடு மாதிரியே ஓர் இடத்தை அமைத்து, புதிதாகக் கல்யாணமானவர்களை ஒருநாள் அங்கே தங்கவைத்து, வழக்கம்போல இருக்கச் சொல்லிக் கவனித்தார்கள். ஒருவர் "அதோ பாரு" என்கிற மாதிரி ஏதாவது சின்னதாகச் சொல்லும்போது மற்றவர் திரும்புகிறாரா, கண்டுகொள்ளாமல் இருக்கிறாரா என்று எண்ணினார்கள். ஆறு வருடம் கழித்துப் பார்த்தால், சேர்ந்தே இருந்த தம்பதிகள் அந்த மாதிரி அழைப்புகளுக்கு நூற்றுக்கு 86 முறை திரும்பியவர்கள். பிரிந்துபோனவர்கள் 33 முறைதான் திரும்பியிருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த நுரை ஒட்டிய கன்னம்தான் கண்முன் வந்தது. 'இதைப் பார்க்கவா கூப்பிட்டே, எனக்கு நேரமாச்சு' என்று அன்றைக்கு இவர் சொல்லியிருந்தால் சண்டை ஒன்றும் வந்திருக்காது. அடுத்த முறை குருவியை நான் தனியாகப் பார்த்திருப்பேன், அவ்வளவுதான். அதற்கடுத்த முறையும் அப்படியே.

எங்கள் வீட்டில் கைபேசிக்கென்று பெரிய சட்டதிட்டம் எதுவும் கிடையாது. ஆனால் ஒருவர் பெயர் சொல்லியோ "ஏங்க" என்றோ கூப்பிட்டால் கையில் இருப்பது கீழே போகும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது.

என் தோழி ஒருத்தியின் கணவர் வேலைக்காக வெளிநாட்டில் இருக்கிறார். தினமும் ராத்திரி பேசிக்கொள்கிறார்கள். பள்ளிக் கட்டணம், மாமியார் மருந்து, கடன் தவணை, எதையும் விடுவதில்லை. ஒருநாள் அவள் சொன்னாள்: "அவசியமானது எல்லாத்தையும் பேசிடறோம். அனாவசியமானதைப் பேசத்தான் ஆளில்ல." அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. லிஃப்ட் யாருமே இல்லாமல் மூன்றாம் மாடியில் நின்று கதவு திறந்து மூடியதை யாரிடம் சொல்வது? அதற்காக ஒருவருக்கு போன் போட முடியாது. அந்த மாதிரி ஒன்றுக்கும் உதவாத பத்துச் செய்தியைச் சேர்த்துவைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேனே, வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பிக்கிறேனே, அதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு?

அப்புறம் ஞாபகம். இந்த வீட்டின் ஞாபகத்தை நாங்கள் இரண்டு பேரும் பங்குபோட்டு வைத்திருக்கிறோம். எந்தக் காகிதம் எந்தக் கோப்பில் என்பது என் தலையில். பிள்ளைகளுக்கு எந்த ஊசி எப்போது போட்டோம், சின்னவனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் இவர் தலையில். யாரும் உட்கார்ந்து பிரித்துக்கொடுக்கவில்லை, தானாக அமைந்துவிட்டது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1985-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். நெருங்கி வாழ்கிறவர்கள் நினைவுகளைத் தங்களுக்குள் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள், யாருக்கு எது தெரியும் என்பதை மட்டும் இருவரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். இவர் பத்து நாள் வெளியூர் போயிருந்தபோது இது எனக்கு நன்றாகவே புரிந்தது. மருத்துவர் கேட்ட சாதாரணக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றேன். என் ஞாபகத்தில் பாதியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார் மனுஷன்.

கதை சொல்வதும் அப்படித்தான். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று வழிதவறி, சாமான் வண்டி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்று அலைந்த கதை ஒன்று உண்டு. நான் ஆரம்பித்தால் "செவ்வாய் இல்ல, புதன்" என்று இவர் திருத்துவார். மழை வந்த இடத்தை இவர் விட்டுவிட்டால் நான் நுழைப்பேன். இப்போது பெரியவள், சின்னவன் இருவருமே மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். சின்னவன் அன்றைக்குப் பிறக்கவே இல்லை. ஆனால் ஒரு வரி மாறினாலும் விடமாட்டான்.

இந்தச் சந்தோஷமெல்லாம் தானாக வந்துவிடவில்லை என்பதையும் அவளிடம் சொல்ல வேண்டும். முதல் ஐந்தாறு வருடம் வீட்டுவேலை முழுக்க என் தலையில்தான். இவர் கெட்டவர் இல்லை, வேலை கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். ராத்திரி பாத்திரம் தேய்த்துவிட்டு நான் வரும்போது பிள்ளையும் இவரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு இடமில்லாத மாதிரி இருக்கும். ஒருநாள் அதை அப்படியே சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை, அழவும் இல்லை. "எனக்கும் அங்க உட்காரணும்" என்றேன். மறுநாளிலிருந்து இவர் தேய்க்கிறார், நான் துடைத்து அடுக்குகிறேன். இருபது நிமிட வேலை. பிள்ளைகள் அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். எங்கள் வீட்டில் நடக்கும் நல்ல பேச்செல்லாம் அந்த இருபது நிமிடத்தில்தான். ஒருத்தி ஓடிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் உட்கார்ந்தே இருக்கும் வீட்டில் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் கருத்து. அது அவர்கள் மகிழ்ச்சி, அவளுடையது இல்லை.

சின்னவன் நான்கைந்து வயதில் ஒரு வேலை செய்வான். ராத்திரி சோபாவிலேயே படுத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிப்பான். கண் இறுக்கி மூடியிருக்கும், இமை மட்டும் துடிக்கும். அப்பா தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைக்க வேண்டும், அதற்காக. இவருக்கும் தெரியும். "அடடா, அசந்து தூங்கிட்டானே, எழுப்பவே கூடாது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு தூக்குவார். அவன் உதட்டோரம் சிரிப்பு வந்துவிடும், அடக்கிக்கொள்வான். நான் பின்னாலேயே போய் விளக்கை அணைப்பேன். நடிப்பு என்று மூன்று பேருக்குமே தெரியும், ஆனால் ஒருநாளும் யாரும் சொன்னதில்லை.

சண்டை வராதா? வரும். வந்தால் அரை நாள் பேச்சு இருக்காது. ஆனால் படுக்கப் போகும்முன் "வாசக் கதவைப் பூட்டியாச்சா?" என்று இவர் கேட்பார். பூட்டியது இவருக்கே தெரியும். அது கதவைப் பற்றிய கேள்வி இல்லை என்று எனக்கும் தெரியும். "ம்ம், பூட்டிட்டேன்" என்பேன். சண்டை அதோடு சரி.

என் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் மருத்துவமனை நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நாலு மணி நேரம். இவர் ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கு நெஞ்சுப் படபடப்பு குறைந்ததை உடம்பிலேயே உணர்ந்தேன். பிறகு ஒருநாள் படித்தேன்: ஜேம்ஸ் கோன் என்பவரும் அவருடைய சகாக்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு. கல்யாணமான 16 பெண்களை மூளையைப் படமெடுக்கும் கருவியில் படுக்கவைத்து, லேசான மின்அதிர்ச்சி வரப்போகிறது என்று சொல்லிக் காத்திருக்க வைத்தார்கள். கையைப் பிடிக்க யாரும் இல்லாதபோது, முன்பின் தெரியாத ஒருவர் பிடித்திருந்தபோது, கணவர் பிடித்திருந்தபோது என்று மூன்று விதமாகப் பார்த்தார்கள். கணவர் கை பிடித்திருந்தபோதுதான் ஆபத்தைக் கண்டு மூளை பதறுவது மிகவும் தணிந்தது. அதிலும், யாருடைய மணவாழ்க்கை நிறைவாக இருந்ததோ அவர்களுக்கு அந்த நிம்மதி இன்னும் கூடுதலாக இருந்தது.

அந்தக் கடைசி விவரம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். தாலி, மோதிரம், பதிவுச் சான்றிதழ் எதுவும் அந்த நிம்மதியைத் தருவதில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பேச்சை நிறுத்தி ஒடுங்குகிற வீடுகளும் உண்டு. அப்படி ஒரு வீட்டில் மாட்டிக்கொண்ட பெண்ணிடம் நான் எழுதியதைக் காட்டி 'பொறுத்துப் போ' என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். பயம் இருக்கிற இடத்தில் இதில் ஒன்றுகூட நடக்காது. கல்யாணமே வேண்டாம் என்று நிறைவாக வாழ்கிறவர்களும் எனக்குத் தெரியும். அண்ணன் மகளையும் நான் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் முடிவு எடுக்கும்போது ஜோக்கை மட்டும் பார்த்து எடுக்காமல், இப்படியும் வீடுகள் இருக்கின்றன என்று தெரிந்து எடுக்கட்டும்.

அவள் கிளம்பிய அன்று ஞாயிற்றுக்கிழமை. காய்ந்த போர்வைகளை நானும் இவரும் மடித்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, நீளவாக்கில் இரண்டாக்கி, எதிரெதிரே நடந்து வருவோம். என் கையில் இருக்கும் மூலைகளை இவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து கீழ் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். மறுபடி எதிரே வருவோம். ஒரு போர்வைக்கு மூன்று முறை விரல் தொட்டுக்கொள்ளும். யாரும் எதுவும் சொல்வதில்லை, எப்போது உதறுவது எப்போது நடப்பது என்று கைக்கே தெரியும். வெயிலில் காய்ந்த துணி வாசனை அறை முழுக்க இருந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு ரெண்டு பேரா மாமா?" என்றாள். "ஒரு ஆள் மடிச்சா மூலை சேராதும்மா" என்றார் இவர். அவள் பையை இறக்கிவைத்துவிட்டு வந்து அடுத்த போர்வையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.