அந்த ட்ரைஃபிள் வேறு எபிசோட்

ஃப்ரெண்ட்ஸ் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் ரேச்சல் செய்த ட்ரைஃபிள் (கேக், கஸ்டர்ட் அடுக்கிய இனிப்பு) பற்றி, "மோனிகா தலையில் வான்கோழி மாட்டிய எபிசோடில்தான் ரேச்சல் மாட்டிறைச்சி ட்ரைஃபிள் செய்தாள், வேண்டுமென்றே செய்த குறும்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. வான்கோழிக் காட்சி வந்தது 1998 நவம்பரில், ஐந்தாவது சீசனில். ட்ரைஃபிள் அடுத்த ஆண்டு தேங்க்ஸ்கிவிங் என்ற அமெரிக்கப் பண்டிகை எபிசோடில், ஆறாவது சீசன்.

குறும்பும் இல்லை. சமையல் புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டதால், பாதி ட்ரைஃபிளும் பாதி ஷெப்பர்ட்ஸ் பை என்ற இறைச்சி உணவும் கலந்துவிட்டன. கஸ்டர்ட், ஜாம், அதற்கு மேல் பட்டாணி, வெங்காயத்தோடு வதக்கிய மாட்டிறைச்சி! பாவம், ரேச்சல் அன்று மனதாரத்தான் செய்தாள். அவளைக் குறும்புக்காரியாக்குவது நியாயமே இல்லை. ரசித்துச் சாப்பிட்டது நண்பன் ஜோயி மட்டும்தான். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.