‘கப்ளிங்’கைக் காப்பியடித்ததா ‘ஃப்ரெண்ட்ஸ்’?

‘பிரிட்டனின் கப்ளிங் என்ற நகைச்சுவை டிவி தொடரைக் காப்பியடித்ததுதான் அமெரிக்காவின் ஃப்ரெண்ட்ஸ்’ என்று ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறது. அது தவறு. அமெரிக்க டிவி நிறுவனமான என்பிசியில் ஃப்ரெண்ட்ஸ் தொடங்கியது 1994 செப்டம்பரில். ஸ்டீவன் மொஃபாட் எழுதிய கப்ளிங் பிபிசியில் வந்ததோ 2000 மே மாதத்தில்தான்.

குழப்பம் எங்கே வந்திருக்கும் என்றால், 2003இல் என்பிசி அதே கப்ளிங்கை அமெரிக்க நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தது. ஸ்டீவ், சூசன், ஜெஃப் என்ற கதாபாத்திரப் பெயர்களைக்கூட மாற்றவில்லை. முதல் எபிசோடில் வசனமும் பெரும்பாலும் பிரிட்டிஷ் தொடருடையதே. ஃப்ரெண்ட்ஸ் முடியப்போகிற நேரம், அந்த இடத்தை இது பிடிக்கும் என்று பேச்சு அடிபட்டது. ஆனால் நான்கே எபிசோடோடு நிறுத்திவிட்டார்கள்.

எழுதியவர்கள்மேல் திருட்டுப் பட்டம் கட்டுவது பெரிய அநியாயம். இரண்டு தொடர்களின் முதல் ஒளிபரப்புத் தேதியையும் இணையத்தில் தேடிப் பாருங்கள். அந்தப் பதிவைத் தயவுசெய்து இனி ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.